யாரும் தட்டாத கதவும் ஒரு பாக்கெட் டையும்

விடுமுறைக்குச் சென்னை வந்தால் முதல் சில நாள் எனக்குப் பிடிபடாமல் இருப்பது வீட்டுக் குளியலறைதான். யாரும் கதவைத் தட்டுவதில்லை. மஸ்கட்டில் நாங்கள் ஆறு பேருக்கு ஒரு அறை, ஒரே பாத்ரூம். பத்து நிமிடமானால் ஒருவர் விரலால் தட்டுவார், இருபது நிமிடமானால் அடுத்தவர் உள்ளங்கையால் அடிப்பார், அதற்கு மேலும் போனால் ஒரு மலையாளி நண்பர் செருப்பைக் கழற்றிவிடுவார். பத்தொன்பது வருடமாக எனக்கு அதுதான் கடிகாரம். ஊருக்குக் கிளம்பும் முன் எல்லோரும் தலைக்கு டை அடிப்போம். போனபோது இருந்த ஆளாகவே திரும்ப வேண்டும் என்று ஒரு ஆசை. தடவிக்கொண்டு உட்கார்ந்தால், இரண்டாவது ஆள் தட்டும்போது கழுவ வேண்டும். கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. பாக்கெட்டில் எத்தனை நிமிடம் என்று போட்டிருக்கும். அந்தப் பொடி எழுத்து இங்கிலீஷ், ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் படிக்க வராது.

இந்த முறை கடைசி நேரத்தில் லீவு கிடைத்ததால் டை அடிக்காமலே வந்து, அபிராமபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டில் வைத்து அடித்தேன். அன்று மாலை நான்கு மணிக்கு என் மகள் பவித்ராவுக்குப் பட்டமளிப்பு விழா. அவள் படித்த எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. தலைக்கும் மீசைக்கும் தடவிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். விழாவுக்கு வரும் மற்ற அப்பாக்கள் எப்படி இருப்பார்கள், யாராவது பக்கத்தில் வந்து "சார் என்ன பண்றீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்நியர்களிடம் பேச வராது. யோசனை எங்கெங்கோ போனது. கதவு தட்டப்படவில்லை. நெற்றி எரிந்தபோதுதான் எழுந்து கண்ணாடியைப் பார்த்தேன். கழுவினேன், மறுபடி கழுவினேன். முடி ஷூ பாலிஷ் போட்ட மாதிரி நின்றது. நெற்றியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கருப்புக் கோடு. காது மடல் கருப்பு. மீசைக்கு அடியில் தோலும் கருப்பு.

வெளியே வந்ததும் பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாப்பா பண்ணி வச்சிருக்க?"

"ஒரு மணி நேரம் உள்ள இருந்தீங்களே," என்றாள் என் மனைவி செல்வி. "அங்கதான் ஓடிக்கினே இருக்கீங்க, இங்கயாவது நிம்மதியா குளிக்கட்டும்னு விட்டேன்."

நான் வேலை செய்வது லாண்டரியில். காபி, மை, குங்குமப்பூ, எந்தக் கறை வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும். அந்தத் தைரியத்தில் எலுமிச்சம்பழத்தை அறுத்து நெற்றியில் தேய்த்தேன். எரிச்சலில் கண்ணீர் வந்தது. செல்வி பழத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "சட்டையாங்க இது? தோலு."

இதுதான் சமயம் என்று நினைத்தேன். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நான் இந்த மூஞ்சியோட எப்படி வர்றது?" பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது நெஞ்சுக்குள் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பவித்ராவின் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய் இரண்டு அட்டைகளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். "ஒரு ஆளுக்கு ரெண்டு பாஸ் குடுப்பாங்கப்பா. ஸ்கூல்லேர்ந்து ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாங்கிக்கினு வரேன். ஒண்ணு சும்மாதான் கிடக்கும். இன்னிக்கும் கிடக்கணுமா?"

செல்வி என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் குனிந்தபோது வகிடு என் கண்ணுக்கு நேராக வந்தது. பகல் வெளிச்சத்தில் அவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை. வகிட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை. "எப்போ இவ்வளவு?" என்றேன். "போன்ல தெரியாது," என்றாள். "ஒவ்வொரு தடவையும் நீங்க கருகருன்னு வந்து நிக்கறீங்க. எனக்கு மட்டும் வயசாகுது. நம்ம ரெண்டு பேருக்கும் சேர்ந்தே ஆவட்டுமே." எனக்கு எங்கள் கடை அர்பாப் ஞாபகம் வந்தார். முதலாளியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். ஒருநாள் தன் வெள்ளைத் தாடியையும் என் தலையையும் மாறி மாறிக் காட்டி ஏதோ கேட்டார். டை எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார் என நினைத்து மறுநாள் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். தாடியைப் பிடித்து "ஸேன், ஸேன்" என்றார். நல்லாயிருக்கு என்று அர்த்தம். எதற்கு மறைக்கிறாய் என்றுதான் கேட்டிருக்கிறார்.

நெற்றியும் காதும் பாதி தெளிந்தன. மீதிக்குத் தெருமுனை சலூனுக்குப் போனேன்.

"இன்னாண்ணே, தலைக்குத் தார் ஊத்திக்கினு வந்துகீற? துபாய்ல அடிச்சதா?"

"இல்ல, வீட்டுல. நான் இருக்கிறது மஸ்கட்."

"எல்லாம் ஒண்ணுதாண்ணே," என்று சலூன்காரர் மிஷினை எடுத்தார். காதோரம் ஒட்ட வெட்டி, மேலே குறைத்தார். தொப்பி போல நின்ற கருப்பு கொஞ்சம் அடங்கியது. பிறகு மீசையை விரலால் தூக்கிப் பார்த்தார். "இது நிக்காதுண்ணே. அடியில தோலு கருத்துகீது. எடுத்தாதான் தொடைக்க முடியும்." பத்தொன்பது வயதில் வைத்த மீசை. கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கையால் வாயை மறைத்துக்கொண்டேன். பவித்ரா கையை விலக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா, இங்க வாயேன்! எனக்கு யாரோட வாய் வந்திருக்குன்னு கேட்டுக்கினே இருப்பியே, இதோ பார்." செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாய் என்னுடையது என்று எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இதை எழுதும்போது மஸ்கட்டில் இருக்கிறேன். மீசை வெள்ளையும் கருப்புமாக வளர்ந்துவிட்டது, டையைத் தொடவில்லை. அறையில் எல்லோரும் விழா எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பெரிய ஹால், நல்ல ஏசி என்று மட்டும் சொன்னேன். அன்று எங்கள் வரிசைக்குப் போனதும் செல்வி உட்கார்ந்து, தன் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். "ஏங்க நிக்கறீங்க?" என்று நிமிர்ந்தவள், பையைப் பார்த்தாள். "பழக்கம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன். பவித்ரா பெயரைக் கூப்பிட்டு, அவள் மேடையிலிருந்து எங்கள் பக்கம் பார்க்கும்வரை அந்த நாற்காலியின் முனையில்தான் உட்கார்ந்திருந்தேன், பைக்கும் கொஞ்சம் இடம் விட்டு.