ஃப்ரிட்ஜுக்குள் சீர்ப்பழம்

என் கொழுந்தன் மனைவி வாங்கி வைக்கிற கொத்தமல்லி பத்து நாள் ஆனாலும் வாடாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். வேரைக் கிள்ளிவிட்டு, பேப்பரில் சுருட்டி, டப்பாவில் போட்டு மூடுவாள். பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளித்தான் வைப்பாள். தக்காளியைத் தட்டில் கவிழ்த்து அடுக்குவாள். எதையும் கழுவி வைக்க மாட்டாள், சமைக்கும்போதுதான் தண்ணீரே காட்டுவாள். நானோ சந்தையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் அலசி, ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் திணிக்கிறவள். சுத்தம் என்றால் எனக்கு உயிர். மூன்றாம் நாள் கத்தரிக்காய் அழுகும், கீரை கொழகொழத்துப் போகும்.

குடுமியான்மலைப் பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மாமியார் காலையில் அவள் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வருவார். "சின்னவ வீட்டு மல்லியப் பாத்தியா? இப்பத்தான் பறிச்ச மாதிரி இருக்கு" என்பார். எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், அவள் வந்து ஆறு வருஷம். பதினாறு வருஷத்தில் என் வீட்டில் ஒன்றைக்கூட அவர் அப்படிச் சொன்னதில்லை. ஒரு நாளாவது அவள் தக்காளி அழுகாதா என்று நான் சாமியிடம் வேண்டியதுண்டு. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், அவளுக்குச் சறுக்கவே இல்லை.

போன சித்திரையில் நாத்தனார் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் எங்கள் இரண்டு வீட்டிலிருந்தும் சேர்ந்து போக வேண்டும். இரண்டு நாள் முன்னதாகவே என் கணவர் சீப்புச் சீப்பாக வாழைப்பழம் கொண்டுவந்து இறக்கினார்.

"சின்னவ வீட்டுல வையிப்பா. அவதான் கெடாம வச்சிருப்பா" என்றார் மாமியார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மூத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இங்கன இருக்கேன்ல? சீர்ப்பழம் எதுக்கு அங்கிட்டுப் போகணும்?"

கணவர் பழத்தை எங்கள் வீட்டுக்குள் தூக்கி வந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே! வெளியில் வெயில் கொளுத்தியது. பெட்டிக்கடை மாதிரி கயிற்றில் தொங்கவிட எனக்கு மனசில்லை. ஃப்ரிட்ஜைக் காலி செய்து, பழங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, வாழப்பழத்த ஃப்ரிட்ஜுல வச்சா..."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ ஒன் வேலையப் பாரு."

அவள் போய்விட்டாள்.

சடங்கன்று காலையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தேன். அடி ஆத்தி! அத்தனை தோலும் கறுத்துக் கிடந்தது. பதறிப்போய் ஒன்றை உரித்துப் பார்த்தேன், உள்ளே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சபையில் யார் உரித்துப் பார்க்கப் போகிறார்கள்? கறுத்த பழத்தைச் சீர்த்தட்டில் வைத்தால் ஊரே காறித் துப்பும். கணவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேறு பழம் வாங்கப் புதுக்கோட்டைக்கு பைக்கில் பறந்தார்.

சத்தம் கேட்டு மாமியார் வந்தார், அவளும் பின்னாலேயே வந்தாள். "யாரு சொல்லி இத உள்ள வச்ச?" என்று மாமியார் கேட்டார்.

"நாந்தாங்க அத்தை சொன்னேன். வெயிலுக்குத் தாங்காதுன்னு நெனச்சுட்டேன்" என்றாள் அவள்.

இல்லை, அவள் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தாள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியார் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயாவது, சொல்றதாவது" என்று அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். பொய் சொன்னதற்கும் நல்ல பேர் அவளுக்குத்தான்.

சடங்கு நடக்கிற மண்டபத்து வாசலில் மேளம் தொடங்கிவிட்டது. புதுப் பழம் வந்து சேர்ந்து, தட்டுகளும் தயாராயின. பழத்தட்டை யார் எடுப்பது என்று எல்லோரும் தயங்கி நின்றார்கள். மாமியார் அவளைத்தான் பார்த்தார். அவள் தட்டைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"நீங்க முன்னாடி போங்கக்கா. மூத்தவுங்க நீங்கதானே."

நான் சண்டை போட்டுக் கேட்ட இடத்தை அவள் கையால் வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாக முன்னால் நடந்தேன். அதற்காக அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.