எட்டு மணி ஐயா சொன்ன வீடு

ஒரே ஒரு பால்மரக் காட்டிலே ஒரே ஒரு ராஜா இருந்தாராம். அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததே இல்லையாம். எங்கள் வீட்டில் கதை இப்படித்தான் ஆரம்பிக்கும், ராஜா மட்டும் ஆளுக்கு ஆள் மாறுவார். என் ராஜா டிவியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். பெயர் இருந்தது, ஆனால் எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘எட்டு மணி ஐயா’.

என்னைப்போல் டிவி டிஷ் மாட்டுகிறவனுக்கு எல்லார் வீட்டுக் கூரையும் தெரியும், கூரைக்குக் கீழே நடப்பதும் கொஞ்சம் தெரியும். வெயிலில் தகரக் கூரை ஏறிய சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஐயா போன மாதம் காலமாகிவிட்டார். அவரோடு பாப்பாத்தி அக்காவின் வீடும் போயிருக்கும். அந்தக் கதைக்கு வருமுன் ஒரு சட்டையைப் பற்றிச் சொல்கிறேன்.

பனியன்

ராசா என்ற ஊரில் ஒரு மளிகைக் கடைக்காரர். கடை நாள் முழுக்க பனியனோடுதான் நடக்கும். யார் வந்தாலும், கோயில் தலைவரே வந்தாலும், பனியன்தான். ஒரு மாலை அவர் வீட்டில் டிஷ் மாட்டி முடித்து, “படம் சரியா இருக்கா பாருங்க அண்ணே” என்றேன். மணி எட்டாகப் போகிறது. மனுஷன் எழுந்து உள்ளே போய்விட்டார். ஏதோ கோபம் என்று நினைத்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார், கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார்.

டிவியில் ஐயா “வணக்கம்” என்றார். இவரும் கைகூப்பினார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “அவரு கோட்டு போட்டுட்டு நம்ம வீட்டுக்கு வர்றாரு. நான் பனியனோட உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும் தம்பி?”

சாட்சி

பாப்பாத்தி அக்கா கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். புருஷன் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கடைசி வீடு அவருடையது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பழைய முதலாளி தோட்டத்துக் கோயிலுக்கு வந்து, லயத்தை இடிப்பதற்கு முன் எல்லாருக்கும் வீடு தருவதாக வாயால் சொன்னார். அன்று ராத்திரியே ஐயா அதைச் செய்தியில் வாசித்தார். அதோடு அக்காவுக்கு நிம்மதி. முதலாளி சொன்னதால் இல்லை, ஐயா வாசித்ததால்.

பிறகு தோட்டம் கைமாறியது. புது நிர்வாகம், அப்படி எதுவும் யாரும் சொல்லவில்லை என்றது. லயத்துக்காரர்கள் சாட்சி சொன்னால், “நீங்க வீடு கேக்கிறவங்க, அப்படித்தான் சொல்வீங்க” என்றார்கள். அன்று அந்தச் செய்தியை அக்கா வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களில் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மணியமும் ஒருவர். அவர் வீட்டு டிஷ் மரக்கிளை விழுந்து சாய்ந்து கிடந்ததால் அங்கே வந்திருந்தார். மறுநாள் அதை நிமிர்த்தப் போனவன் நான்தான். ஆனால் கிராணியாருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். கேட்டபோது, “அன்னைக்கு நான் செய்தியே பார்க்கல” என்றுவிட்டார்.

அக்கா கலங்கவில்லை. ஐயாவை ஒரு தடவை சிரம்பான் தொழிலாளர் இலாகாவுக்குக் கூட்டி வந்தால் போதும், அவரே சொல்லிவிடுவார் என்று நம்பினார். டிவி நிலையத்துக்கு நானும் போன் போட்டேன். பழைய ஒளிப்பதிவைத் தேட வேண்டும் என்றார்கள், அதோடு சரி. ஐயா இறந்த சேதியைப் போனில் சொன்னதும் நானேதான். அக்கா சொன்னார்: “எனக்கிருந்த ஒரே சாட்சி தம்பி.”

துணி

அதே வாரம் கெமாஸிலிருந்து ஒரு அம்மா அவசரமாகக் கூப்பிட்டார், டிவி கெட்டுப்போச்சாம். போய்ப் பார்த்தால் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. “எட்டு மணிக்கு ஒரு சின்னப் பையன் வர்றான். பழையபடி ஐயா வர்ற மாதிரி திருப்பி வை” என்றார்.

ஐயா காலமாகிவிட்டார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். “தெரியும்லா, நானும் அழுதேன்” என்றார். அப்புறம் கொடியைக் காட்டினார். அத்தனை துணியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. “அந்தப் பையன் மழை வரும்னான். அவன் சொல்லி நான் எப்படிப்பா துணிய எடுக்கிறது?”

படம்

பதினாறாம் நாள் லயத்தில் ஐயாவுக்கு விளக்கேற்றுவதாக முடிவானது. மறுநாள் காலை சிரம்பானில் வீட்டு விசாரணை, வேன் பேசியாகிவிட்டது. மாலை போட ஐயாவின் படம் வேண்டும் என்று அக்கா கேட்டார். போனில் ஒன்றைத் தேடி, கடையில் பெரிதாக்கி எடுத்துப் போனேன். பூப்போட்ட பாத்திக் சட்டை, காருக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரிக்கிறார்.

கூட்டமே எட்டிப் பார்த்தது. “இது யாரு தம்பி?” என்றார் அக்கா. ஐயாதான் என்றேன். “ஐயா நிக்க மாட்டாரே” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய் டிவிப் பெட்டியையே தூக்கி வரச் சொன்னார். துக்க வீட்டில் டிவி போடக்கூடாது, அதனால் அணைத்தபடியே முற்றத்து மேசையில் வைத்தோம். மாலையை அதன் தலையில் சாத்திவிட்டு அக்கா சொன்னார்: “இதுலதான் இருந்தாரு. இங்கயே இருக்கட்டும்.”

விளக்கு

அந்த லயத்தில் ஒரு பழக்கம். பூப் போடுகிறவர் இறந்தவரைப் பற்றித் தான் கண்டதை, கேட்டதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். விளக்கு எரியும்போது பொய் சொல்ல மாட்டார்கள். ஒருவர் ஐயா சிரித்ததே இல்லை என்றார். ஒருவர் வெள்ளம் வந்தபோது அவர் குரல் கம்மியதைச் சொன்னார். சொன்னவர்கள் பூப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள்.

கிராணியார் பின்னால் நின்றிருந்தார். வராமல் இருந்திருக்கலாம், வந்திருந்தார். கடைசியில் அவரும் அக்காவும் நானும்தான். அக்கா அவரை ஒன்றும் கேட்கவில்லை, பூத்தட்டை மட்டும் நீட்டினார். அவர் ஒரு பூவை எடுத்தார், போடவில்லை. மாலை போட்ட பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா அன்னைக்கு, எல்லாருக்கும் வீடு உண்டுன்னு வாசிச்சாரு. இதே பெட்டியில. நான் உங்க நாற்காலியில உக்காந்து கேட்டேன் அக்கா.”

அக்கா தட்டைக் கீழே வைத்தார். “இத நாளைக்கு அங்கயும் சொல்வீங்களா, கிராணியாரே?”

அவர் பூவைப் போட்டார். குனிந்து செருப்பை மாட்டினார். நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டார்: “வேன் எத்தன மணிக்கு?”

“ஏழுக்கு.”

தலையாட்டிவிட்டு லயத்தோரமாக நடந்து போனார். டிவியைப் போடாமலே அன்றைய முக்கியச் செய்தியைக் கேட்டாகிவிட்டது, இதற்கு டிஷ்காரன் என்ன பில் போடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.