அந்தியேட்டி என்றொரு மருந்து

எனக்கு ஒன்பது வயதாகும் வரை அந்தியேட்டி என்பது ஒரு மருந்தின் பெயர். இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்கிற கிரியையை யாழ்ப்பாணத்தார் அப்படிச் சொல்வார்கள் என்று ஜெர்மனியின் எசன் நகரில் பிறந்த எனக்கு யார் சொல்லித் தந்தது? ஜெர்மன் மொழியில் ‘அன்ரி’ என்று தொடங்குகிற சொற்களில் பாதி மருந்துக்கடையில்தான் இருக்கின்றன. அன்ரிபியோட்டிக்கா தொண்டைக்கு என்றால், அந்தியேட்டி வேறெதற்கோ என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வருடம் பிராங்பேர்ட்டிலிருந்து பெரியம்மா எடுக்கிற தொலைபேசியிலெல்லாம் இந்த மருந்துதான் பேச்சு. அவருக்கும் அம்மாவுக்கும் ஒரே தம்பி. என் மாமா. போர் முடிந்த நாளிலிருந்து அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. ஊன்ட்றொப் அம்மன் கோயிலடி வாய்க்கால் கரையில் அந்தியேட்டியைச் செய்து முடித்துவிடுவோம், செய்யாமல் விட்டால் அவனுக்குத்தான் கரைச்சல் என்று பெரியம்மா சொல்வார். அம்மா ஓம் என்றும் சொல்ல மாட்டார், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார். எங்கோ நோயில் கிடக்கிற சொந்தத் தம்பிக்கு மருந்து கொடுக்க அம்மாவுக்கு ஏன் இத்தனை பஞ்சி, இத்தனை சோம்பல் என்று எனக்குக் கோபமாக வரும்.

அந்த நாட்களில்தான் ஜப்பானிலிருந்து அந்தப் பெண் எழுத்தாளர் எங்கள் நகர நூலகத்துக்கு வந்தார். அவருடைய மூடுபனிக் கதைகளை ஜெர்மனில் நான் கரைத்துக் குடித்திருந்தேன். ஆற்றுப் பனிக்குள் வாழ்கிறவர்கள் ஒரு சிறுவனைக் கொண்டுபோய்விடுகிறார்கள். அவனுடைய அக்கா அவனைத் தேடிக்கொண்டே இருக்கிறாள். புத்தகம் புத்தகமாகத் தேடுகிறாள். அப்பாவுக்கு அன்று வேலை என்பதால் அம்மா கூட வந்தார். அம்மாவுக்கு ஜெர்மன் மட்டுமட்டு. வைத்தியரிடமும் அலுவலகத்திலும் நான்தான் அவருக்கு வாய். என் தோழிகளுக்கு நடுவிலும் அந்த வேலை பார்க்க வேண்டுமே என்று மனம் சுருங்கியது.

மேடைக்கு வந்தவர் என்னை விடக் கொஞ்சம்தான் உயரம். நரைத்த தலை, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. பனியையும் பேயையும் படைத்தவர் இவ்வளவு சின்னவராக இருப்பார் என்று நான் நினைக்கவேயில்லை. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அவருடைய வாழ்க்கையை ஜெர்மனில் சொன்னார், நான் அம்மாவின் காதில் தமிழாக்கினேன். மீன்பிடி ஊரில் பிறந்தவராம். தொலைபேசி இணைப்பகத்தில், ஊரார் குரலை ஊராருக்கு இணைத்துவிடுகிற வேலையில் பாதி ஆயுள் போனதாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பேய்கள் எதற்கு என்று பதிப்பாளர்கள் திருப்பித் திருப்பி அனுப்பினார்களாம். தன் பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போன பிறகுதான் முதல் புத்தகம் வந்ததாம். பிறகு உலகமெல்லாம். அம்மா, “கெட்டிக்காரிதான்” என்றார்.

முதலில் அவர் ஜப்பானிய மொழியில் வாசித்தார். கரகரத்த குரல். கூடத்தில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. சரசர என்றார். கொசொகொசொ என்றார். பிறகு கைகளை விரித்து பதபத என்றார். அம்மா என் பக்கம் சாய்ந்தார்.

“ஆறு சலசலவெண்டு ஓடுது பிள்ளை. ஆரோ குசுகுசுக்கினம். இப்ப ஏதோ படபடவெண்டு பறந்து போகுது.”

சும்மா இருங்கோ அம்மா என்றேன். அடுத்த நிமிடம் ஜெர்மன் வாசிப்பு தொடங்கியது. ஆறு ஓடியது. பனிக்குள் யாரோ இரகசியம் பேசினார்கள். ஒரு கொக்கு சிறகடித்துப் போனது. நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். ஜெர்மனில் ரொட்டி வாங்கத் தடுமாறுகிற என் அம்மாவுக்கு ஜப்பானிய மொழி தெரிந்திருந்தது. அன்று அந்த மேடையில் இருந்தவரை வியந்ததா, பக்கத்தில் இருந்தவரை வியந்ததா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிள்ளைகள் கேள்வி கேட்கலாம், ஆளுக்கு ஒன்று என்றார்கள். பனிக்குள் வாழ்கிறவர்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்க ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒலிவாங்கி கைக்கு வந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“பிள்ளை, எனக்காக ஒண்டு கேள். அந்தத் தம்பி உயிரோட இருக்கிறானோ?”

கதைதானே அம்மா என்றேன். அவர் சட்டையை விடவில்லை. அப்படிப்பட்ட முகத்துக்கு மறுப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய மொழியில் சொன்னார். எழுத்தாளர் என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். அது ஜெர்மனாகி, என் ஓட்டைத் தமிழாகி அம்மாவிடம் வந்து சேர்ந்தது.

“அவவுக்கும் தெரியாதாம் அம்மா. தெரியாமல் ஒராளைச் சாகக்குடுக்க ஏலாதாம்.”

கையெழுத்து வாங்கப் போனபோது அம்மா கைகூப்பினார். எழுத்தாளர் குனிந்து வணங்கினார். அம்மாவும் குனிந்தார். அவர் இன்னும் குனிந்தார். விட்டால் இரண்டு பேரும் தரையைத் தொட்டிருப்பார்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வெட்கத்தில் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே அம்மா பிராங்பேர்ட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். இந்த முறை குசுகுசுக்கவில்லை. எனக்கு நன்றாகவே கேட்டது.

“அக்கா, தம்பிக்கு அந்தியேட்டி வேண்டாம். தெரியாமல் ஒராளைச் சாகக்குடுக்க ஏலாது.”

அந்தப் பக்கத்தில் பெரியம்மா அழுகிற சத்தம் வந்தது. அம்மாவும் அழுதார். நான் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். மருந்து இனி வேண்டாம் என்றால் மாமாவுக்குச் சுகமாகிவிட்டது என்றுதானே அர்த்தம். இவ்வளவு நல்ல செய்திக்கு ஏன் இரண்டு பேரும் இப்படி அழுகிறார்கள் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கவில்லை.