அரைச் சுற்றுக்கு மேல்

பக்கவாதத்தில் விழுந்தபோது காதுக்காரருக்கு வலப்பக்கம் மொத்தமும் போயிற்று, பேச்சும் போயிற்று. மிஞ்சியவை இடக் கை, கலங்காத புத்தி, அந்தப் பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்த காது. வண்டி தெருமுனை திரும்பும்போதே எஞ்சினில் எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்லிவிடுகிற ஆள் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வண்டி பழுதுபார்க்கும் பட்டறையே போதும் என்று இருந்துவிட்டார். இப்போது பட்டறையை ஒட்டிய முன்னறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தம்பி வேலை செய்தான்.

அவரைப் பார்த்துக்கொண்டவள் தம்பி மனைவி. நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைப்பாள், முதுகு எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள், குழைத்த சோற்றை உணர்ச்சியுள்ள பக்கத்துக் கன்னத்தில் ஊட்டுவாள். "மெதுவா முழுங்குங்க மாமா. புரையேறினா எனக்குத்தான் வேலை" என்பாள். பாசமும் காட்டமாட்டாள், அருவருப்பும் காட்டமாட்டாள்.

தம்பிக்கு டிராக்டர் பழகிய கை. அந்த எஞ்சின்களில் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே மெல்லிய தகட்டை நுழைத்து, அந்த அளவு இடைவெளி விட்டு நட்டைப் பூட்ட வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் லிஃப்டர் வைத்த எஞ்சினில் அந்த வித்தை செல்லாது. அங்கே இடைவெளியே கூடாது. லிஃப்டருக்குள் ஏறும் எண்ணெய் அதைத் தானே அடைத்துக்கொள்ளும். எஞ்சினை ஓடவிட்டு, சத்தம் வரும்வரை நட்டைத் தளர்த்தி, சத்தம் நிற்கும்வரை இறுக்கி, அதற்குமேல் அரைச் சுற்று கொடுத்தால் வேலை முடிந்தது.

இந்த மாதிரி எதிலாவது முழிபிதுங்கினால், ஆளில்லாத நேரம் பார்த்துத் தம்பி கட்டிலுக்கு வருவான். கதவைச் சாத்திவிட்டு, "அண்ணே, இதுவா, அதுவா?" என்பான். சரியானதைச் சொல்லும்போது காதுக்காரர் இடக் கை விரலை உயர்த்துவார். பட்டறை அந்த விரலில்தான் ஓடியது.

வெளியே போனதும் பேச்சு வேறாகிவிடும்.

"அண்ணன் எப்படி இருக்காரு?" என்று ஒருநாள் வேன்காரர் கேட்டார். மலைப்பாதையில் ஆள் ஏற்றுகிற வேன் அவருடையது. லிஃப்டர் வைத்த அதன் எஞ்சினைக் காதுக்காரர் தவிர யாரும் தொட்டதில்லை.

"எங்கங்க! நினைவே இல்ல. பக்கத்துல உக்காந்து பேசினாலும் செவுத்தைத்தான் பாக்குறாரு. கட்டை மாதிரி கிடக்குறாரு."

"அடப் பாவமே. என்ன கை அது!"

"தப்பா நினைக்காதீங்க, உள்ளதைச் சொல்றேன். கடைசியா அவர் பாத்த வண்டியெல்லாம் எங்கிட்டதான் திரும்பி வருது. அவர் விட்ட கோளாறை நான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன். உங்க வண்டியையே பாருங்க, வால்வுக்கு கேப்பே விடாம பூட்டி வச்சிருக்காரு."

கட்டை என்றதைக் காதுக்காரர் விட்டிருப்பார். வேலையைக் குறை சொன்னதை விட முடியவில்லை. இடக் கை போர்வையைப் பிடித்து முறுக்கியது. அவன் வாயாலேயே அவனை மாட்டவைக்க வேண்டும், அதைக் கேட்டுவிட்டுச் செத்தால் போதும் என்று நினைத்தார்.

அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. தம்பி வேன் எஞ்சினில் தகட்டை நுழைத்து எல்லா வால்வுக்கும் இடைவெளி வைத்தான். எஞ்சினைக் கிளப்பினான். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல அலறியது. கதவு சாத்தப்பட்டது.

"அண்ணே, சத்தம் உயிரை வாங்குது. கேப் வைக்கக் கூடாதா?"

கை 'கூடாது' என்று அசைந்தது.

"சரி, சத்தம் நிக்கிறவரை இறுக்கிடறேன். அதுக்கு மேல எவ்வளவு? அரைச் சுத்தா?"

விரல் எழவில்லை.

"ஒண்ணா? ரெண்டா?"

விரல் எழுந்தது.

"ரெண்டு முழுச் சுத்தா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

விரல் மறுபடி எழுந்தது, நடுக்கமே இல்லாமல். மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த தம்பி மனைவி விரலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு லிஃப்டர் தெரியாது, அந்த முகம் தெரியும். ஆனாலும் அடுத்த துண்டை எடுத்து மடித்தாள்.

அந்த எஞ்சினில் இரண்டு சுற்றுக்குள் லிஃப்டர் மேலும் அமுங்க இடமின்றி அடிதட்டிவிடும். பிறகு வால்வு மயிரிழை திறந்தே நிற்கும். ஏற்றத்தில் சூடேற ஏற அதன் ஓரம் கருகும்.

"சத்தம் நின்னுச்சு பாத்தீங்களா?" என்று வெளியே தம்பி பெருமையடித்தான். "கொஞ்சம் குலுங்குது, ஓட ஓடச் சரியாயிடும்."

புகைக்குழாய் புஸ்புஸ்ஸென்று மூச்சுவிட்டுக்கொண்டே போனது காதுக்காரருக்குத் தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு அவர் இன்னும் சோறு வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"என்ன மாமா, விருந்தா?" என்றாள் தம்பி மனைவி.

சில நாளில் வேன் கயிற்றில் கட்டி இழுத்துவரப்பட்டது. வேன்காரர் வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டார். "பாதி ஏத்தத்துல நின்னு போச்சுய்யா! ஆளுங்க மூட்டையோட இறங்கி நடந்தாங்க. அங்க ஒரு மெக்கானிக் பிரிச்சுப் பாத்துட்டு, எந்த மடையன் இப்படி முறுக்கினான்னு கேக்குறாரு."

"நானா பண்ணலைங்க. அண்ணன்தான் ரெண்டு சுத்துன்னு சொன்னாரு."

"யாரு, நினைவே இல்லாத அண்ணனா?"

காத்திருந்த வாடிக்கையாளர்களில் ஒருவர், "கட்டை வாயைத் திறந்து பேசுச்சாக்கும்!" என்றார். சிரிப்பு எழுந்தது.

"விரலைத் தூக்கிக் காட்டுவாருங்க! எல்லாம் புரியும் அவருக்கு. வாங்க, நீங்களே கேளுங்க."

எல்லோரும் உள்ளே வந்து கட்டிலைச் சூழ்ந்தார்கள். வேன்காரர் குனிந்தார். "காதுக்காரரே, என்னைத் தெரியுதா? தெரிஞ்சா விரலைத் தூக்குங்க."

இப்படி நாலு பேர் வந்து தன்னை மனிதனாக மதித்துக் கேட்கமாட்டார்களா என்று அவர் ஏங்காத நாளில்லை. விரலைத் தூக்கினால் போதும், தான் கட்டையில்லை என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு சுற்றும் அவர் தலையில் விழும், தம்பி தப்பித்துவிடுவான். விரல் குறுகுறுத்தது. அதை மெத்தையில் அழுத்திக்கொண்டார். சுவரைப் பார்த்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. வழியட்டும் என்று விட்டார்.

வேன்காரர் நிமிர்ந்தார். "படுத்துக் கிடக்கிற மனுஷன் மேல பழி போடுறியே, நீயெல்லாம் ஒரு தம்பியா? இவர் கை பட்டவரைக்கும் என் வண்டி ஒருநாள் நின்னதில்ல. நீ தொட்ட, நின்னுச்சு."

வாசல் காலியானது. தம்பி மட்டும் கட்டிலருகே நின்றான். "வேணும்னுதானே பண்ணின?"

காதுக்காரர் சுவரை விட்டுத் திரும்பி, அவன் கண்ணை நேராகப் பார்த்து, முடிந்த பாதி வாயால் சிரித்தார்.

"சரி. நினைவு இல்லாத ஆளுக்கு முன்னறை எதுக்கு?" என்றான் தம்பி. கட்டிலைப் பின்னறைக்கு இழுத்தான். மறுமுனையைப் பிடித்த மனைவி, "மெதுவாங்க, மூத்திரக் குழாய் மாட்டுது" என்றாள்.

அவன் போனபின் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைப் பார்த்தாள். "பேச்சு வராட்டியும் நடிப்பு நல்லா வருது. அண்ணனும் தம்பியும் முட்டிக்கிட்டுப் பட்டறையை மூடிட்டா, சோறு எங்கிருந்து வரும்னு ரெண்டு பேர்ல ஒருத்தராவது யோசிச்சீங்களா?"

அவர் விரலைத் தூக்கவில்லை. அவள் தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னறைக்கு எஞ்சின் சத்தம் எட்டவில்லை. தூரம் காரணமா, வண்டிகளே வருவதில்லையா என்று காதுக்காரருக்குத் தெரியவில்லை. வருவதில்லை என்றே வைத்துக்கொண்டு, நன்றாகத் தூங்கினார்.