தம்பியின் வெறுங்கை

போன மாதம் ரத்தக்கொதிப்பு பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கையில் பட்டையைச் சுற்ற வந்த நர்சுப் பெண் என் ரவிக்கைக் கையை மேலே தள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன ஆத்தா, இம்புட்டுப் பெருசா நாலு தழும்பு? எங்களுக்கெல்லாம் ஒண்ணு ரெண்டுதான் இருக்கும்." எங்கள் அய்யா குத்தியது என்றேன். அவளுக்குப் பின்னால் பெரிய வரிசை நின்றது, கதை கேட்க நேரமில்லை. நீங்கள் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களிடம் சொல்கிறேன்.

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். போடியில் அவருக்கு அம்மை குத்துகிற சர்க்கார் உத்தியோகம். சிலமலை, குரங்கணி, அதற்கு மேலே ஏலத்தோட்டங்கள் எல்லாம் அவர் நடந்தே சுற்றுகிற எல்லைக்குள் அடக்கம். அம்மைப்பால் கண்ணாடிக் குழாயில் பட்டணத்திலிருந்து வரும். போடி வரை கெடாமல் வந்து சேர்ந்தாலே பெரிய காரியம். தோட்டம் தோட்டமாக நடப்பதற்குள் பாழாகிவிடும். அதனால் மலைக்குக் கைக்குக் கைதான். கீழே ஒரு பிள்ளைக்குக் குத்தி, எட்டாம் நாள் கொப்புளம் பழுக்கிற கணக்கில் அந்தப் பிள்ளையையே மேலே கொண்டுபோய், அதிலிருந்து பால் எடுத்து மற்றப் பிள்ளைகளுக்குக் குத்த வேண்டும். பிள்ளையின் உயிரையே உறிஞ்சிவிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. எந்தத் தாய் கொடுப்பாள்? அய்யா தன் பிள்ளைகளையே கொண்டுபோனார். ஒரு தடவை குத்திவிட்டால் அப்புறம் அந்தப் பிள்ளைக்குக் கொப்புளம் எழும்பாது. ஆகவே ஒரு பிள்ளை ஒரு பயணத்துக்குத்தான் ஆகும்.

முதல் பயணம் அண்ணன். அடுத்தது நான். வழியெல்லாம் அய்யாவின் தோளில் ராணி மாதிரிதான் போனேன், லேசான காய்ச்சலோடு. அட்டை கடித்தால் என்னைத் தொடவிடாமல் முதலில் என் காலிலிருந்து எடுப்பார், பிறகுதான் தன் காலைப் பார்ப்பார். காலையில் தலை வாரிப் பின்னியும் விடுவார். ஊசி பிடிக்கிற அந்தக் கைக்குச் சடை மட்டும் வசப்படவே இல்லை, பின்னல் ஒரு காதுக்கு மேல் ஏறி நிற்கும். இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் வாசம் வந்தால் எனக்கு இடது கை குறுகுறுக்கிறது.

தோட்டத்தில் எங்களைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளைக் கூடைக்குள் வைத்து இலையைப் போட்டு மூடிவிடுவார்கள். குத்திக்கொண்ட பிள்ளைகளுக்கும் அவர் தலை மறைந்ததும் குத்தின இடத்தில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேய்த்துக் கழுவிவிடுவார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: "ஆத்தா எறங்குற எடத்துல ஊசியை வைக்கிறியே சாமி, அவ கோவிச்சுக்க மாட்டாளா?"

"இது எம் மக. இவ கையில இருந்துதான் எடுக்கப்போறேன். கெடுதல்னா பெத்த பிள்ளையக் கொண்டாருவனா?"

அவள் என்னைப் பார்த்தாள். சடையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அதை அவிழ்த்து ஒழுங்காகப் பின்னிவிட்டு, உள்ளே போய்த் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பிறகு மிச்சம் இருந்தது தம்பி. தத்தித் தத்தி நடக்கிற வயது. ஏலக்காய் பறிக்க ஆட்கள் மலையேறிய பிறகு அவனைக் கொண்டுபோவதாக அய்யா திட்டம். அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது, பாதை சரிந்துவிட்டது. அம்மா தினமும் கேட்பாள். "ஊருப் பிள்ளைக்கெல்லாம் குத்துறீக. நம்ம பிள்ளைய மட்டும் வெறுங்கையா வச்சிருக்கீகளே."

"பாதை சரியாகட்டும். இவனுக்கு இப்பக் குத்தீட்டா மேல இருக்க பிள்ளைகளுக்கு நான் எதைக் கொண்டுபோக?"

மலைக்கு முந்தி எங்கள் தெருவுக்கு அம்மை வந்துவிட்டது. அன்றைக்கே அய்யா தம்பிக்குக் குத்தினார். அதற்குள் அவனுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. அய்யா வேலைக்குப் போகாமல் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அம்மா சொன்ன பத்தியம், வேப்பிலை, கூழ் எல்லாவற்றையும் ஒரு வார்த்தை மறுக்காமல் செய்தார். தம்பி பிழைத்தான். கண் இரண்டும் போய்விட்டது.

அம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், "அய்யாவைச் சாப்பிட வரச்சொல்லு" என்று எங்கள் மூலமாகத்தான் எல்லாம். அய்யாவை நான் என்றைக்கும் வெறுத்ததில்லை, ஆனால் அந்த நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. விடிந்ததும் தம்பியைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய்க் குளிப்பாட்டுவார். "இன்னைக்கு மேகம் குரங்கணிக்கு மேல நிக்குதுப்பா, மத்தியானம் மழைதான்" என்று கண்ணில் பட்டதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்புறம் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

தங்கச்சி பிறந்தாள். தலை நிற்கத் தொடங்கியதும் அம்மாவே அவளைக் கொண்டுவந்து அய்யா மடியில் வைத்தாள். "குத்துங்க" என்றாள். அத்தனை காலத்தில் அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. கொப்புளம் பழுத்ததும் பிள்ளையை அவரிடம் தனியாக விடவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டு தானும் மலையேறினாள்.

சில வருடங்களுக்கு முன் ஒருநாள், பெரியம்மை உலகத்திலேயே இல்லாமல் ஒழிந்துபோனதாக ரேடியோவில் சொன்னார்கள். தம்பி என் வீட்டில்தான் இருந்தான், கிழவனாகிவிட்டான். சத்தத்தைக் குறைக்கச் சொன்னான்.

"அக்கா, அப்ப அய்யா இனிமே மலைக்குப் போக வேண்டியதில்லைல்ல?"

அய்யா காலமாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அவர் நடந்த பாதையில் பாதியை ஜீப்பு ரோடு விழுங்கிவிட்டது, கைக்குக் கை என்றால் என்னவென்று சொல்ல எங்களைத் தவிர ஆளில்லை.

"இல்லப்பா," என்றேன். "இனிமே போக வேண்டாம்."