மேரனுக்குப் போட்ட கோடுகள்

லோர்னா வெச் பன்னிரண்டு ஆண்டுகள் வான்கோழி வெட்டும் ஆலையில் இருந்தாள். மணிக்கட்டு பழுதான பிறகு, வடக்கு டகோட்டாவின் அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு மட்டும் உதவியாளராகச் சேர்ந்தாள். குழந்தை மேரன், எட்டு வயது. பதற்றம் வந்தால் தன் கையையே கடித்துக்கொள்வாள். ஒவ்வொரு கடிக்கும் தாளில் ஒரு கோடு போடுவது லோர்னாவின் வேலை.

அக்டோபரில் வாரத்துக்கு நாற்பது கோடுகள். ஜனவரியில் ஆறு. லோர்னா செய்தது இவ்வளவுதான்: மணி அடிக்குமுன் மேரனின் காதுகளைத் தன் உள்ளங்கைகளால் பொத்திவிடுவாள்.

பள்ளியின் உளவியலாளர் கெசல் மகிழ்ந்துபோனார். பிப்ரவரியும் இப்படியே போனால் உதவியாளர் தேவையில்லை என்றார். லோர்னா காய்ச்சலில் படுத்த ஒரு நாள், மேரன் மேசைக்கடியில் கிடந்தாள். சட்டைக்கையில் ரத்தம் ஊறிய பிறகுதான் ஆசிரியை குனிந்து பார்த்தாள்.

மறுநாளிலிருந்து லோர்னா நடக்காத கடிகளுக்கும் கோடு போட்டாள். முதல் வாரம் பத்து. போதாதென்று தோன்றியது. கடைசி வாரம் முப்பத்தொன்று.

மார்ச் கூட்டத்தில் கெசல் அந்தத் தாள்களைப் பரப்பி வைத்தார்.

"பக்கத்துல ஆள் இருந்தும் ஏறிட்டே போகுது. இது நம்ம கைய மீறினது."

ஃபார்கோ நகரப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி இருந்தது. வேனில் இரண்டு மணி நேரம். அடங்காத பிள்ளைகளுக்கு அங்கே பூட்டக்கூடிய அறை உண்டு.

வீட்டில் அவள் கடிப்பதேயில்லை என்றாள் தாய் கிரெட்டா. வீடு வேறு, பள்ளி வேறு என்றார் கெசல். கிரெட்டா லோர்னாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு லோர்னா. நெஜமாவே முப்பத்தொண்ணா?"

மேரன் போனாலும் வேறு குழந்தையிடம் போடுவார்கள்; பொய்க் கோடு போட்டவளுக்கோ மறுநாளே பள்ளியில் இடமில்லை. ஆலையும் இனி எடுக்காது.

"எண்ணித்தான் போட்டேன்" என்றாள் லோர்னா.

பள்ளியை மாற்றும் தாளில் கிரெட்டா கையெழுத்திட்டாள்.

திங்கட்கிழமை காலை வேனுக்குக் கூட்டிப்போகும்போது மேரன் கேட்டாள்:

"அங்க மணி இருக்கா?"

"இல்ல."

லோர்னாவின் ஒரு கையில் பை, மறுகையில் சாப்பாட்டு டப்பா. தாமதமாகிறதென்று ஓட்டுநர் ஹாரனை அழுத்தினார். மேரன் கையைக் கடித்தாள். விடவில்லை.

"ஓ, அந்தப் பொண்ணு இதுதானா" என்றார் ஓட்டுநர். அவளைத் தூக்கி உட்காரவைத்து, தோளிலும் இடுப்பிலும் வார்களை இறுக்கினார். பிறகு லோர்னாவிடம் கையை நீட்டினார். அன்றைய தாளும் கூடவே போக வேண்டும்.

லோர்னா பையைக் கீழே வைத்தாள். பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள்.