எனக்காக அவர் விழுங்கிய மாத்திரைகள்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, 2005-ஆம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, என் விரலில் ஊசி குத்தியது. எய்ட்ஸ் கிருமி உள்ளவரின் இரத்தம் எடுத்த ஊசி. வீட்டில் எனக்குப் பால்குடி மறக்காத மகன்.

நான் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. என் வீட்டுக்காரருக்கு அங்கேயே ஆரியசாலையில் மொத்தக்கடை ஒன்றில் வேலை. செல்லையா என்ற அந்த நோயாளி, தென்காசிப் பக்கத்திலிருந்து ஓட்டல் வேலைக்கு வந்தவர். காசநோய்க்காகப் படுத்திருந்தார். இரத்தம் எடுத்து ஊசியை உருவும்போது அவருக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. கை உதறியது. என் கையுறையைத் தாண்டி ஊசி இறங்கிவிட்டது.

"ஐயோ அக்கா, நான் வேணும்னு செய்யலியே!" என்று கதறினார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். குழாயடிக்கு ஓடி, சோப்புப் போட்டு விரலைக் கழுவினேன்.

டாக்டர் அம்மா மலையாளி. உடனே தடுப்பு மாத்திரையைக் கையில் கொடுத்தார். "பேடிக்கண்டா சிஸ்டரே, பயப்படாதீங்க. நாலு வாரம் ஒரு வேளைகூட விடாதீங்க. டெஸ்ட் எல்லாம் முடியிற வரை குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டாம்" என்றார். என் வீட்டுக்காரரையும் வரவழைத்து, அதுவரை ஆணுறை இல்லாமல் சேரக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். சபையில் இதையெல்லாம் சொல்லலாமா என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். இந்தக் கிருமி இரத்தத்தால், உடலுறவால், தாய்ப்பாலால் பரவுகிறது. அதைச் சொல்லக் கூச்சப்பட்டால் நம் பிள்ளைகளை எப்படிக் காப்பது?

மகன் மாரில் முட்டி முட்டி அழுதான். "இத்திரி, கொஞ்சூண்டு குடி மக்ளே" என்று அவன் அப்பா பவுடர் பாலோடு கெஞ்சுவார். நான் குளியலறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு அழுவேன். "கர்த்தாவே, உம்முடைய சித்தம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கு ஒன்றும் வரக் கூடாது, இந்தப் பிள்ளையை நான் வளர்க்க வேண்டும்" என்று கர்த்தரோடு சண்டை போட்டேன். மாத்திரையோ குடலைப் புரட்டியது.

அடுத்த வாரம் டாக்டர் அம்மா மறுபடி கூப்பிட்டார். "அந்தச் செல்லையா மாசக்கணக்கா எய்ட்ஸ் மருந்தை முடங்காம, ஒரு நாளும் விடாம சாப்பிடுறாரு, கேட்டோ. ரத்தத்துல கிருமி ரொம்பக் குறைஞ்சிருக்கும். உங்களுக்கு வர்ற வாய்ப்பும் குறைவு." முதல் நாளே சொன்னாராம். என் காதில் ஏறவில்லை.

நேரே செல்லையாவின் கட்டிலுக்குப் போனேன். "எனக்கு ஒரு வாரமே தாங்கலியே, நீங்க எப்படி முழுங்குனீங்க?" என்றேன்.

"விட்டுரலாம்னுதான் நெனைச்சேன் அக்கா. எனக்குன்னு யாரு இருக்கா? ஆனா காலையில யாரோ உலுக்கி எழுப்புன மாதிரி இருக்கும். முழுங்கிருவேன்."

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. நான் ஜெபிக்கத் தொடங்கியது ஊசி குத்திய பிறகு. என் தேவனோ பல மாதங்களுக்கு முன்பே, யாருமில்லாத ஒரு மனிதரை ஒவ்வொரு காலையும் எழுப்பிக்கொண்டிருந்தார்! அங்கேயே செல்லையாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் பண்ணினேன்.

மூன்றாம் மாதச் சோதனையில் கிருமி இல்லை. ஆறாம் மாதத்திலும் இல்லை. ஆய்வகத்து வராந்தாவில் வெறுந்தரையில் உட்கார்ந்து துதித்தேன். அதற்குள் மகன் தாய்ப்பாலை மறந்துவிட்டான். அந்த வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாள்.

செல்லையா தேறி, மாதாமாதம் மாத்திரை வாங்க வருவார். அப்படி ஒரு நாள் மகனைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் அக்கா, சின்னப் பிள்ளை."

"தொட்டா வராது, தூக்குனா வராது, முத்தம் கொடுத்தாலும் வராது" என்று அவர் மடியில் உட்கார வைத்தேன். அவர் மெல்ல அவன் தலையைத் தடவினார்.

பிரியமானவர்களே, பயமிருந்தால் முழங்காலில் நில்லுங்கள். எழுந்ததும் பரிசோதனைக்குப் போங்கள். மாத்திரை கொடுத்தால் ஒரு வேளையும் விடாதீர்கள். நீங்கள் இன்று காலை விழுங்கிய மாத்திரையைக் கொண்டு ஆண்டவர் யாருடைய பிள்ளைக்குத் தாயைக் காத்து வைக்கிறாரோ, யார் கண்டது!